மகனுக்குச் சத்தம் தாங்கவில்லை, பள்ளியில் ஷேடோ டீச்சர் கேட்கிறார்கள். நாம் என்ன கேட்டு வாங்கலாம்?

செக்கிங் அக்கா (திருப்பூர்)

வணக்கம்ங்க. பையனுக்கு ஏழு வயசு, இரண்டாம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி. நாலு வயசில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது, இப்போது நன்றாகப் பேசுகிறான். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஸ் போர்டு, சினிமா போஸ்டர், மளிகைச் சீட்டு என்று கண்ணில் படுவதையெல்லாம் வாசித்துவிடுவான்.

சிக்கல் சத்தம்தான். போன வருடம் மாடியில் கடைசி வகுப்பு. இந்த வருடம் கீழே, மணிக்குப் பக்கத்து அறை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் போய்விடுகிறான். வீட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை ராகம் தப்பாமல் முழுசாகப் பாடுகிறவன், பிரேயரில் அந்தக் கொம்பு ஸ்பீக்கர் கரகரத்ததுமே கேட்டைப் பார்த்து ஓடுகிறான். போன வாரம் பக்கத்துப் பையனின் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்திருந்தது.

பள்ளியில் கூப்பிட்டு, “ஷேடோ டீச்சர் வையுங்க, இல்லைன்னா ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க” என்றார்கள். வகுப்பில் இவன் ஒருவனுக்காகவே கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்தான் ஷேடோ டீச்சர். அவருக்கு இங்கே கேட்கிற சம்பளம் என் சம்பளத்தில் பாதிக்கு மேல். நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். வீட்டுக்காரர் பள்ளியையே மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றினால் அங்கேயும் மணி இருக்குமே?

பள்ளியிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சாக்பீஸ் (ஆரம்பப் பள்ளி ஆசிரியர்)

நான் டேபிளுக்கு அந்தப் பக்கத்துல இருந்து பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. நாப்பது பிள்ளைங்க இருக்கிற வகுப்புல ஒரு பிள்ளை கடிச்சா, மறுநாள் காலையில கேட்டுல வந்து நிக்கிறது கடிபட்ட பிள்ளையோட அப்பா. அந்த பயத்துலதான் ஷேடோ டீச்சர்னு கேக்குறாங்க. உங்க பிள்ளை மேல வெறுப்பு இருக்கணும்னு இல்ல.

ஒரு வேலை செய்ங்க. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வகுப்பு மிஸ் கையில கொடுங்க. பிள்ளை காதைப் பொத்துறப்போ, ஓடுறப்போ, அழுறப்போ நேரம், இடம், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு, இந்த மூணை மட்டும் ஒரு வரில எழுதச் சொல்லுங்க. ஒரு வாரம் போதும். “எப்பவுமே கத்துறான்”னு நாங்க சொல்லுவோம், எழுதிப் பாத்தா எப்பவுமே இருக்காது. குறிப்பிட்ட பீரியட், குறிப்பிட்ட இடம்னு வந்து நிக்கும்.

இன்னொண்ணு. பத்து கோரிக்கையோட போகாதீங்க. பட்டியலைப் பாத்த உடனே மிஸ் மனசு மூடிக்கும். மூணு கேளுங்க. அதுவும் காசு செலவில்லாத மூணு. முதல்ல வகுப்பு மிஸ், அப்புறம் ஹெச்.எம். நேரா கரஸ்பாண்டென்ட் ரூமுக்குப் போனா வகுப்பு மிஸ் உங்களுக்கு எதிரியாயிடுவாங்க. நாள் பூரா பிள்ளையோட இருக்கப் போறது அவங்கதான்.

---

ஊஞ்சல் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்)

சாக்பீஸ் சார் சொன்ன நோட்டை முதலில் செய்யுங்கள். நேரில் பார்க்காத குழந்தைக்குச் சிகிச்சை சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புலன் உணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 (மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநலக் கையேடு) சேர்த்துவிட்டது. ஆகவே “அவன் சும்மா நடிக்கிறான்” என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துப் பேசலாம். ஒரே குழந்தைக்குக் காது கூடுதலாகவும் வேறொரு புலன் குறைவாகவும் இருக்கலாம். மணிக்கு நடுங்குகிற பிள்ளை அடிபட்டு ரத்தம் வந்தாலும் அழாமல் இருப்பான். பசி, தாகம், சிறுநீர் முட்டுவது தெரியாத பிள்ளைகளும் உண்டு. “இங்கே வலிக்கவில்லை, அங்கே மட்டும் எப்படி வலிக்கும்?” என்று ஆசிரியர்கள் சந்தேகப்படுவது இதனால்தான்.

சத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நம் ஊர் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியே வந்துவிடும். அவன் தலைக்கு மேல் இருக்கும் விளக்கு எது என்று பாருங்கள். கழிப்பறை ஃபினாயில் வாடை, யூனிஃபார்ம் காலரின் விறைப்பு, சாக்ஸ் நுனியின் தையல், முதுகுக்குப் பின்னால் நடமாட்டம், எல்லாம் சேர்ந்து ஏறிக்கொண்டே வந்து கடைசியில் மணியில் உடையும். உடைகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மணியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

காசில்லாமல் செய்யக்கூடியவை: சுவரோரம், கதவிலிருந்து தள்ளி ஓர் இடம். சத்தம் வருமுன் சொல்லிவைப்பது. நடுவில் உடம்புக்கு வேலை: நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வருவது, போர்டு துடைப்பது, பெஞ்சைத் தள்ளுவது. மூட்டுக்கும் தசைக்கும் அழுத்தம் கிடைத்தால் பல பிள்ளைகள் அடங்கி உட்காருவார்கள். ‘உதவி செய்கிற பையன்’ என்ற பேரும் கிடைக்கும்.

எடை கூட்டிய ஜாக்கெட் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதனால் வகுப்பில் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இதுவரை இல்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

---

எதிர்க்காற்று

எல்லோரும் அடிக்க வந்தாலும் சொல்லிவிடுகிறேன். உலகம் இந்தப் பையனுக்காக மணியை நிறுத்தாது. நாளைக்குப் பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம், தீபாவளி எல்லாம் இருக்கிறது. என் அண்ணன் மகளுக்கும் இதே கதைதான். ஆரம்பத்தில் கூப்பாடு போட்டாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆறு மாதத்தில் பழகிவிட்டது. இப்போது ஒன்றுமே சொல்வதில்லை. காதுக்கு எதையாவது மாட்டிவிட்டால் ஆயுசுக்கும் அதுவே வேண்டியிருக்கும்.

---

ரெட்டைச்சுழி

எதிர்க்காற்று அண்ணே, உங்க அண்ணன் பொண்ணை எனக்குத் தெரியாது. என்னை எனக்குத் தெரியும்.

எனக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சதே காலேஜ் முடிச்ச அப்புறம்தான். ஸ்கூல்ல எனக்கும் ‘பழகிடுச்சு’. அதாவது கத்தினா அடி விழும்னு பழகிடுச்சு. மத்தியானம் நாப்பது டிபன் பாக்ஸ் மூடியும் ஒரே நேரத்துல திறக்கிற சத்தம் இப்பவும் பல்லுக்குள்ள கேக்கும். ஃபேன் ரெகுலேட்டர் ‘ங்ங்ங்’னு இழுக்கிறதும், டீச்சர் பாடம் சொல்றதும், வெளியில பசங்க கத்துறதும் எனக்கு ஒரே அளவுலதான் வந்து விழும். எதைத் தள்ளணும், எதை எடுக்கணும்னு காதுக்குத் தெரியாது. அதைத் தாங்கறதுக்கே மூளை போயிடும், அப்புறம் எங்க பாடம் கேக்கிறது? ‘அமைதியான பொண்ணு’ன்னு ரிப்போர்ட் கார்டுல எழுதுவாங்க. வீட்டுக்கு வந்து ஷூ கழட்டுறதுக்குள்ள வெடிச்சிருவேன். அம்மா நினைச்சது, “ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கா, வீட்லதான் செல்லம்.”

ஒண்ணுமே சொல்லலைன்னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் இல்லை. அவ சாயங்காலம் வீட்ல எப்படி இருக்கா, ராத்திரி தூங்குறாளான்னு கேட்டுப் பாருங்க.

அக்கா, கடிச்சதைப் பத்தி: கடிக்கிறதுக்கு முன்னாடி அவன் நிச்சயம் வேற விதமா சொல்லியிருப்பான். காதைப் பொத்தியிருப்பான், முனகியிருப்பான், சட்டை காலரை வாயில வச்சிருப்பான். அந்தக் கட்டத்துலயே வெளிய போக ஒரு வழி இருந்தா கடி வரைக்கும் வராது. அவன் மேஜையில ஒரு அட்டை. அதை எடுத்து நீட்டினா பேச வேண்டாம், கேள்வி வேண்டாம், நேரா போய் லைப்ரரி ஓரத்துல உக்காந்துக்கலாம். அந்த நேரத்துல வாய்ல வார்த்தை வராதுக்கா. நல்லாப் பேசற எனக்கே வராது.

---

எதிர்க்காற்று

கேட்டுப் பார்க்கிறேன் தங்கச்சி. ஆனால் ஒன்று மட்டும் விடவில்லை: எப்போதும் காதை மூடியே வைத்தால் சரியாகுமா?

---

ஊஞ்சல்

அந்தக் கேள்வி நியாயமானது. இயர்மஃப், அதாவது சத்தத்தைக் குறைக்கக் காதின் மேல் மாட்டும் மூடியை, நாள் முழுக்க மாட்டிவைத்தால் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தெரியத் தொடங்கும் என்ற கவலை எங்கள் துறையிலும் உண்டு. அதனால்தான் நேரம் வைத்துப் பயன்படுத்தச் சொல்கிறோம்: பிரேயர், சாப்பாட்டு நேரம், ஸ்போர்ட்ஸ் டே ஒத்திகை. வகுப்பு அமைதியானதும் கழற்றி பையில். எப்போது மாட்டுவது என்பதை முடிந்தவரை பிள்ளையே முடிவு செய்யட்டும். கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே சில பிள்ளைகள் மாட்டாமல் சமாளித்துவிடுகிறார்கள்.

பழக்குவது என்றால் வீட்டில், சின்னச் சத்தத்தில், அவன் கையில் நிறுத்தும் பட்டனோடு. முன்னறிவிப்பில்லாத கொம்பு ஸ்பீக்கருக்கு முன் நிறுத்திவைப்பது வேறு விஷயம்.

---

மனு போடுபவன்

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை. என் மகளுக்காக அலைந்ததில் தெரிந்தது இது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பிரிவு 16ஐப் படியுங்கள். அரசு நிதி பெறுகிற பள்ளிகளோடு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் அதில் வருகின்றன. உங்கள் மெட்ரிக் பள்ளி அங்கீகாரம் பெற்றதாகத்தான் இருக்கும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ப நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பது அந்தப் பிரிவு. இது தவிர கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை சேர்த்த பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. “ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க” என்று வாயால் சொல்கிறார்களே, அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி அடையாள அட்டை எடுத்தாயிற்றா? இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். நம் நாட்டில் ஆட்டிசத்தை ‘இசா’ என்கிற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலில் மதிப்பிட்டுச் சான்று தருகிறார்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். பத்தாம் வகுப்பில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று வாங்க வேண்டி வந்தால் இந்தச் சான்றில்தான் போய் நிற்கும். இப்போதே எதற்கு என்று விட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்பில் ஓடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஆனால் சட்டத்தை முதல் நாளே மேஜையில் போடாதீர்கள். பைக்குள் இருக்கட்டும். முதலில் இப்படி ஒரு கடிதம்:

“மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, என் மகனுக்கு ஆட்டிசம் உள்ளது. மருத்துவர் சான்று இணைத்துள்ளேன். திடீரென்று வரும் பெரிய சத்தம் அவனுக்கு உடல்வலி போல இருக்கிறது. பிறருக்கும் அவனுக்கும் பாதுகாப்பாக இருக்க, கீழ்க்கண்ட மூன்று ஏற்பாடுகளை ஒரு மாதம் செய்து பார்க்கக் கோருகிறேன். மாத இறுதியில் தங்களைச் சந்தித்துப் பலன் இருந்ததா என்று பேசலாம்.”

“ஒரு மாதம் செய்து பார்க்க” என்பது முக்கியம். நிரந்தரமாகக் கேட்டால் யோசிப்பார்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். அசையவே இல்லையென்றால் ஹெச்.எம்., பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கும் மேல் மாநில ஆணையர். அந்தப் படிகளில் ஏறாமலேயே என் வேலை முடிந்தது.

---

பனிக்குள்ள (ஸ்காபரோ)

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. இஞ்ச ஒன்ராறியோவில விசேட கல்வித் திட்டத்துக்குள்ள பிள்ளையை எடுத்தா 30 பள்ளி நாளுக்குள்ள ஐ.ஈ.பி எண்டு தனித் திட்டம் ஒண்டு எழுதவேணும். அதில பிள்ளைக்கு என்ன சத்தம் ஒத்துவராது, என்ன செய்யவேணும் எண்டு எல்லாம் இருக்கும். வாசிக்கச் சொர்க்கம் மாதிரித்தான். ஆனா அரசாங்கத்தின்ர ஆட்டிசம் திட்டத்தில தெரபி நிதிக்கு வரிசையில நிண்டு வருசக்கணக்காப் போட்டுது. ஆகவே வெளிநாடெண்டா எல்லாம் தட்டில வச்சுத் தருவினம் எண்டு நினையாதேங்கோ.

எங்கட மகனுக்கு உதவினது சின்ன விசயங்கள். தீயணைப்பு ஒத்திகை எப்ப எண்டு ஆசிரியைக்கு முன்னமே தெரியும், அவா காலமையே மகனுக்குச் சொல்லிப்போடுவா. வீட்டுக்குப் போற மணிக்குக் கொஞ்சம் முதலே அவனையும் ஒரு சிநேகிதனையும் வெளிக்கிடுத்தி விடுவினம், விறாந்தையில நெரிபடத் தேவையில்லை. அந்தச் சிநேகிதனுக்கு இது பெரிய பதவி மாதிரி! மற்றப் பிள்ளையள் “ஏன் அவனுக்கு மட்டும்?” எண்டு கேட்டதுக்கு ஆசிரியை, “கண்ணாடி போடுற ஆக்கள் இல்லையே, அது மாதிரித்தான்” எண்டு சொல்லி விட்டா. பிள்ளையளுக்கு அவ்வளவும் காணும். பெரியாக்களுக்குத்தான் விளங்கப்படுத்தேலாது.

---

செக்கிங் அக்கா

எல்லோருக்கும் நன்றிங்க. நோட்டு விஷயம் வேலை செய்தது.

வகுப்பு மிஸ் தயங்கினார்கள், ஆனால் எழுதினார்கள். படித்துப் பார்த்தால் மணியைவிட மோசம் சாப்பாட்டுக் கொட்டகை. தகரக் கூரை, சிமெண்ட் தரை, எல்லாப் பிள்ளைகளும் எவர்சில்வர் தட்டு. தட்டு கீழே விழுந்தால் ஊரே கூடிக் கத்துகிறது. கடித்ததும் சாப்பாடு முடிந்து வரிசையில் நிற்கும்போதுதான். பாதி நாள் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்ததற்கும் இப்போது காரணம் தெரிகிறது. நான் முருங்கைக்காய் பிடிக்கவில்லை போல என்று நினைத்து மெனுவை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் மூன்று கேட்டேன். ஒன்று, சாப்பாடு வகுப்பிலேயே, கூட ஒரு பையனோடு. மிஸ்ஸே ஒரு பெயரைச் சொன்னார்கள், அவனும் கூட்டத்தில் சாப்பிடாத பிள்ளையாம். இரண்டு, பிரேயரில் ஸ்பீக்கருக்கு எதிர்மூலையில், வரிசையின் கடைசியில். மூன்று, ரெட்டைச்சுழி சொன்ன அட்டை. மஞ்சள் அட்டையில் அவனே ஒரு பஸ் வரைந்து ‘நிறுத்தம்’ என்று எழுதி வைத்திருக்கிறான்.

ஹெச்.எம். மூன்றாவதுக்கு மட்டும் முகம் சுளித்தார். “எல்லாப் பிள்ளையும் அட்டை நீட்டினா?” ஒரு மாதம் பார்ப்போமே என்றதும் சரி என்றார். அந்த வரியை எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு கும்பிடு.

யூனிஃபார்முக்கு என் பக்கத்திலேயே வழி இருந்தது. சட்டைக்குள் உரசுவது ஓவர்லாக் தையலின் முண்டு. கம்பெனியில் முண்டு வராத ஃபிளாட்லாக் தையல் போட்ட, லேபிள் தைக்காமல் அச்சாக அடித்த பனியன் எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். காலரைக் கடிப்பது குறைந்திருக்கிறது. எக்ஸ்போர்ட் பீஸில் லேபிள் இல்லாமல் கேட்கிறார்களே, வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அப்படி என்ன சொகுசு என்று லைனில் பேசிக்கொள்வோம்!

எல்லாம் சரியாகிவிடவில்லை. பி.டி. விசிலுக்கு இன்னும் ஓடுகிறான். அடுத்த மாதம் ஆண்டு விழா வேறு. குழு நடனத்தில் பெயர் சேர்த்திருக்கிறார்கள். அவனுக்கு ஆடப் பிடிக்கும், ஸ்டெப் எல்லாம் மனப்பாடம். ஆனால் டி.ஜே. செட்! எடுத்துவிடலாமா?

---

ரெட்டைச்சுழி

அவனைக் கேளுங்கக்கா. நம்மளா எடுத்துறக் கூடாது. என்னை நாலாம் வகுப்புல ‘பாவம், சத்தம் தாங்க மாட்டா’ன்னு எடுத்துட்டாங்க. எனக்கு ஆடணும்னு ஆசை இருந்துச்சு.

பஸ் நிறுத்தம் அட்டை செம.

---

சாக்பீஸ்

ஆண்டு விழான்னா என் ஏரியா. ஒத்திகை பூரா அவனை வச்சு வாட்டாதீங்க. ஸ்டெப் தெரியும்னா மேடை ஒத்திகைக்கு மட்டும் வந்தா போதும்னு டான்ஸ் மாஸ்டர்கிட்ட கேளுங்க. பாட்டை வாங்கிட்டு வந்து வீட்ல போடுங்க, சின்னச் சத்தத்துல ஆரம்பிச்சு. மேடையில ரெண்டு பக்கமும் பாக்ஸ் இருக்கும், அவனை நடுவுல பின்வரிசைல நிறுத்தச் சொல்லுங்க. நிகழ்ச்சி வரிசையில முதல் மூணுக்குள்ள வைக்கச் சொல்லிக் கேளுங்க. ஆடி முடிச்ச கையோட வீட்டுக்குக் கிளம்பிடலாம், பரிசளிப்பு, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் உக்காந்து கேக்கணும்னு சட்டமா இருக்கு? அதை எங்களாலயே கேக்க முடியாது.

விசிலுக்கு: பி.டி. சாரைக் கைதட்டச் சொல்லலாம், இல்ல கொடி காட்டச் சொல்லலாம். பெரும்பாலான பி.டி. சாருங்க கேட்டா செய்வாங்க. யாரும் கேக்கிறதில்ல.

---

எதிர்க்காற்று

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். பாப்பா சாயங்காலம் வந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாளாம். விளையாட்டு என்று நினைத்திருக்கிறார்கள். செக்கிங் அக்கா, அந்த இயர்மஃப் எங்கே கிடைக்கும், எது வாங்கலாம் என்று ஊஞ்சல் மேடம் இங்கேயே எழுதினால் எனக்கும் உதவும்.

---

ஊஞ்சல்

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கிற கடைகளில் பெரியவர்களுக்கானது கிடைக்கும், ஆனால் அது குழந்தைத் தலைக்கு நழுவும், கனமும் அதிகம். குழந்தை அளவு என்று குறிப்பிட்டு, தலைப்பட்டை நீள்கிற மாதிரி இருப்பதாக வாங்குங்கள். பாட்டுக் கேட்கிற ஹெட்ஃபோன் வேண்டாம், வகுப்பில் எல்லோரும் கையை நீட்டுவார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிற பிள்ளையென்றால் காது மடலில் அழுத்துகிறதா என்று பாருங்கள். காதை இறுக்கிப் பிடிப்பதே சிலருக்குப் பிடிக்காது, அவர்களுக்குக் காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பான் சரிப்படலாம். ஆனால் சின்னப் பிள்ளைகள் அதை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முதலில் வீட்டில் மிக்ஸி ஓடும்போது மாட்டிப் பார்க்கட்டும். பிடித்தால் பள்ளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பள்ளிக்குப் போகிறதில் மறக்காமல் பெயர் எழுதிவிடுங்கள்.